உப்புத் தோல்

1957-இல் ரெட்டியார்சத்திரத்துக்கு மேற்கே உள்ள கிணறுகளுக்குக் கரண்டு வந்தபோது கிதர் முகம்மதுவுக்கு முப்பத்தொரு வயது. அதுவரை திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பங்கள் ஊர் ஊராக நடப்படுவதைப் பார்த்ததும் அந்த வேலையை விட்டார். பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினார். இனி பழுது பார்க்கிறவனுக்குத்தான் காலம் என்று மனைவி நர்கீஸிடம் சொன்னார். அது உண்மையாகவே ஆயிற்று.

சைக்கிள் கேரியரில் ஒரு பை. அதில் ஸ்குரூ டிரைவர், குறடு, பியூஸ் கம்பி, ஒரு பல்பும் இரண்டு வயரும் சேர்ந்த டெஸ்ட் லைட். எல்லாவற்றுக்கும் மேலே, சுருட்டிக் கட்டிய ஒரு முழத் தோல். ஆவாரம்பட்டையில் பதப்படுத்தி, வெயிலில் காயவைத்த, துளி ஈரமில்லாத தோல்.

மோட்டார் கொட்டகைக்குள் நுழைந்ததும் அந்தத் தோலைத் தரையில் விரிப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நிற்பார். புறங்கையால் மோட்டாரின் உடம்பை மெல்லத் தொடுவார். விரல் துள்ளும் விதத்தை வைத்தே, எங்கே கசிகிறது, எவ்வளவு கசிகிறது என்று சொல்லிவிடுவார். உள்ளங்கையால் தொட்டால் விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் தானே விலகிவிடும் என்று விளக்கமும் உண்டு. டெஸ்ட் லைட்டிலேயே இதையெல்லாம் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் பல்பு எரிவதைப் பார்க்க யாரும் வரப்பு தாண்டி வரமாட்டார்கள். ஒரு மனிதன் கரண்டைத் தொடுவதைப் பார்க்க ஊரே வந்தது.

"பயமா இல்லையா பாய்?" என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் அவரே கேட்க வைப்பார்.

"கரண்டு எனக்கு மச்சான் முறை அப்பு. கேலி பண்ணுவான். தோலு மேல நிக்கிறவன் மேல கைய வைக்க மாட்டான்."

சிரிப்பு அடங்கியதும் அடுத்த பாடம். மோட்டாரிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போகிறதே, அந்த எர்த் குழி காயக் கூடாது. "உப்பும் கரியும் போட்டுத் தண்ணி ஊத்துங்க. ஒழுகுற கரண்டு அம்புட்டையும் உப்பு இழுத்து மண்ணுக்குள்ள விட்டுரும்."

ஏழு வருஷம் இந்த இரண்டு பாடங்களையும் சொன்னார். இரண்டையும் சேர்த்துவைத்து அவரும் ஒருநாள்கூட யோசித்ததில்லை.

1964 கோடையில், ஒரு வெள்ளிக்கிழமை, சுருளிவேல் அவரைத் தேடித் திண்டுக்கல் டவுனுக்கு வந்தான். முக்கால் ஏக்கரில் தக்காளி போட்டிருந்தவன். ஜும்ஆ தொழுகை முடிந்து, மைதீன் பிச்சையின் பிரியாணிக் கடையில் நாலைந்து பேர் சூழ உட்கார்ந்திருந்தார் கிதர் முகம்மது.

"பாய், மோட்டாரத் தொட்டா சுரீருங்குது. கிட்டப் போக முடியல. செடி பூராம் வாடிருச்சு. செத்த வந்து பாருங்க."

"மோட்டாரு ஒன்னத் தொடுதா, நீ மோட்டாரத் தொடுறியா?"

கடை சிரித்தது. சுருளிவேலும் சிரித்துவைத்தான்.

"இன்னைக்கு ஏலாது அப்பு, பழனியில ஒரு லாட்ஜுக்காரன் காத்துக்கிட்டு இருக்கான். நாளைக் காலைல வாரேன்."

"நாளை வரைக்கும் தாங்காது பாய்."

"இதுக்கு நான் எதுக்கு அப்பு? எத்தனை தடவ பாத்திருக்க. தோலு மேல நின்னு புறங்கையால தொட்டுப் பாரு. சுரீருன்னா எர்த்து காஞ்சு போச்சுன்னு அர்த்தம். குழியில உப்பப் போட்டுத் தண்ணிய ஊத்து. ஓடும்."

"செலவு இல்லாமலே வைத்தியம் பாத்துட்டாருப்பா," என்றார் கல்லாவில் இருந்த மைதீன் பிச்சை. கிதர் முகம்மது எலும்பைக் கடித்தபடி தலையசைத்தார். சுருளிவேல் கும்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினான்.

சுருளிவேலிடம் பதப்படுத்திய தோல் இல்லை. ஆனால் தோல் இருந்தது. மோட்டார் வருவதற்கு முன் கிணற்றில் கமலை இழுத்துத் தண்ணீர் இறைத்த அவனுடைய மாடுகளில் ஒன்று அந்த வாரம்தான் செத்திருந்தது. உரித்தவர் தோலில் உப்பைத் தேய்த்து மடித்து, திண்டுக்கல் வியாபாரி வந்து எடுத்துப்போவதற்காகக் களத்து ஓரத்தில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். உப்பு ஊறி நீர் கசிந்துகொண்டிருந்த பச்சைத் தோல். சுருளிவேல் அதை இழுத்துவந்து மோட்டார் கொட்டகையின் ஈரத் தரையில் விரித்தான். வெறுங்காலோடு ஏறி நின்றான். சொன்னபடியே புறங்கையால்தான் தொட்டான். உப்பு அவன் வழியாகக் கரண்டை இழுத்தது. முன்பக்கமாகச் சரிந்தவன் மோட்டார் மேலேயே விழுந்தான். கஞ்சி கொண்டுவந்த அவன் மனைவி பழனியம்மாள்தான் முதலில் பார்த்தாள்.

மறுநாள் காலையில், சொன்ன வாக்குப்படி, கிதர் முகம்மது வந்தார். எல்லாம் முடிந்திருந்தது. கொட்டகையில் தோல் மட்டும் கிடந்தது. குனிந்து ஓரத்தை நிமிண்டி விரலில் தேய்த்துப் பார்த்தார். பரபரவென்று உப்பு. வேறு எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

யாராவது சட்டையைப் பிடிப்பார்கள் என்று நின்றார். ஒருவரும் பிடிக்கவில்லை. ஊர் அதற்குள் தீர்ப்பு எழுதியிருந்தது.

"மோட்டாரு வந்ததும் மாட்டுக்குத் தீவனத்தக் கொறச்சான்," என்றார் சுருளிவேலின் அண்ணன் அழகர். "எலும்புந் தோலுமாச் செத்துச்சு. செத்த மாட்டுத் தோல மிதிச்சு நின்னா, அது சும்மா விடுமா? காவு வாங்கிருச்சு. எந்தம்பின்னாலும் பாவம் பாவந்தான்."

கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தப் பேச்சு கிணறு கிணறாகப் போனது. பழனியம்மாள் தண்ணீருக்குப் போகும் இடத்தில் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள்.

பேகம்பூர் வீட்டில் கிதர் முகம்மது இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. நர்கீஸ் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள். சொன்னார்.

"ஒங்களத்தான் யாரும் எதுவும் சொல்லலையே," என்றாள்.

"அவனச் சொல்றாங்களே."

"உண்மையச் சொன்னீங்கன்னா நாளைக்கு யாரு மோட்டாருக்குக் கூப்புடுவா? நாம திரும்பத் தோல் ஷாப்புக்குத்தான் போகணும்."

அதைத்தான் அவரும் இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்தால் தொழில் பிழைக்கும். செத்தவன் பாவியாகவே இருப்பான்.

கருமாதி அன்று போனார். பந்தலில் கூட்டம் இருந்தது. கூட்டத்தின் முன்னால் பேசிப் பழகிய மனிதர் அன்று தரையைப் பார்த்துப் பேசினார்.

"மாடும் இல்ல, பாவமும் இல்ல. தோலு மேல நின்னு தொடுன்னு சொன்னது நான். காஞ்ச தோலு தடுக்கும், உப்புத் தோலு இழுக்கும். அதச் சொல்லாம விட்டதும் நான். சோறு தின்னுக்கிட்டே சொல்லி அனுப்பிச்சேன். அவன் சொன்னத அப்படியே செஞ்சான். அம்புட்டுத்தான்."

அழகர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாய் பெரிய மனுசன்யா. ஒரு பொம்பள அழுகுறது பொறுக்காம பழியத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிறாரு பாரு."

"இல்ல அழகரு, நெசமாத்தான்..."

"தெரியும் பாய். ஏழு வருசமா நீங்க தோலு மேல நின்னு தொட்டத இந்த ஊரே பாத்திருக்கு. ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலையே. அவனுக்கு மட்டும் ஏன் ஆச்சு?"

ஏழு வருஷம் அவர் காட்டிய வேடிக்கையே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது. உப்பையும் ஈரத்தையும் பற்றி இன்னொரு முறை ஆரம்பித்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும் என்று இலைக்கு இழுத்துப்போனார்கள்.

கிளம்பும்போது மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் பழனியம்மாள் நின்றாள். தக்காளிச் செடிகள் அவளுக்குப் பின்னால் சுள்ளியாகக் காய்ந்திருந்தன.

"ஒரு வார்த்த கேக்கணும் பாய். தோலுன்னு சொன்னீகளா, காஞ்ச தோலுன்னு சொன்னீகளா?"

"தோலுன்னுதான் சொன்னேன்."

"அவரும் அதத்தான் சொன்னாரு. பாய் தோலுன்னாரு, நம்ம கிட்டதான் கெடக்குதேன்னு."

கிதர் முகம்மது பையைத் திறந்தார். "எர்த்த மாத்தி, வயரு கசியிறதையும் பாத்துக் குடுத்துட்டுப் போறேன் தாயி. மிச்ச நெலத்துக்காவது தண்ணி வேணும்ல."

"அதுல கைய வைக்காதீக."

அவள் குரல் உயரவில்லை. அவர் பையை மூடினார்.

"ஊரு நம்பல," என்றார்.

"நான் நம்புறேன்," என்றாள் பழனியம்மாள். அந்த ஊரில் அவரை நம்பியவள் அவள் ஒருத்திதான். மன்னிக்காதவளும் அவள்தான்.

கேரியரில் இருந்த தோலை வழியில் ஒரு கிணற்றில் வீசினார். அதன்பிறகு டெஸ்ட் லைட் இல்லாமல் எந்த மோட்டாரையும் தொடவில்லை. சனங்களுக்கு அது சப்பென்று இருந்தது. ஆனால் கூப்பிடுவது குறையவில்லை. பழியை ஏற்றுக்கொண்ட பெரிய மனுசன் என்ற பேர் ஒட்டன்சத்திரம் வரைக்கும் பரவி, முன்னைவிட அதிகமாகக் கூப்பிட்டார்கள்.

ஆடி மாதம் பழனியம்மாள் மோட்டாரைக் கழற்றி விற்றாள். வாங்கியவர் ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயி. அதைப் பழுது பார்த்து மாட்டிக்கொடுக்க அவர் கிதர் முகம்மதுவுக்குத்தான் ஆள் அனுப்பினார்.

அவர் போய் மாட்டிக்கொடுத்தார்.