முதல் மாலைக்காரர்

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் யார் இறந்தாலும் முதல் மாலை அவருடையதுதான். பேரூராட்சித் தலைவர். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, மேலே சாயம் போன சாம்பல் நிற ஸ்வெட்டர். பாடையைத் தூக்கும்போது முன்னால் ஒரு தோள் எப்போதும் அவருடையதாக இருக்கும். அதற்காகவே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் எல்லோரும் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். எங்கள் மண்பாதையைத் தார் ரோடாக்குவதாக ஒவ்வொரு தேர்தலிலும் அவர் சொல்வார்.

அப்பாவுக்கு நெஞ்சு வலித்தபோது அந்தப் பாதையில் ஏற முடியாமல் ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. கம்பளியில் கிடத்தித் தூக்கிப் போனோம். பாதி வழியில் அப்பாவின் மூச்சு நின்றது.

மறுநாள் மாலையோடு வந்தவரை வாசலிலேயே மறித்தேன்.

"ரோடு எங்கீங்க?"

"அம்மணி, உங்க ஊட்ல மொதமொதல்ல காலேஜ் போன புள்ள நீ. உனக்குத் தெரியாததா? அடுத்த தடவ ஜெயிச்சு வந்ததும் மொத வேலையே இந்த ரோடுதான்."

"எங்கப்பாவுக்கு அடுத்த தடவ இல்லீங்களே."

அவர் கண்கள் கலங்கின. அது நடிப்பில்லை. அதுதான் இன்றுவரை எனக்கு ஆத்திரம் மூட்டுகிறது.

எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. நான் போனேன். அதே மண்பாதையில் பாடையைச் சுமந்து அவர் முன்னால் நடந்தார். "எடப்பக்கம் குழி, பாத்து வைங்க. இங்க வழுக்கும். பாறை தாண்டுனா ஒரு பள்ளம் வரும்" என்று பின்னால் சுமந்து வந்தவர்களை எச்சரித்துக்கொண்டே போனார்.

ஒருமுறைகூட அவர் கீழே குனிந்து பார்க்கவில்லை. அந்தப் பாதையின் ஒவ்வொரு குழியும் அவருக்கு மனப்பாடமாக இருந்தது.