வலிக்கவில்லை என்றாள் ரேணுகா

சேக்காட்டு ரேணுகாவை ஓர் இடத்தில் உட்காரவைக்க யாராலும் ஆகாது. அறுபத்தாறு வயதில், பக்கவாதத்தில் விழுந்த புருஷன் கஜபதியைத் தூக்கி, புரட்டி, குளிப்பாட்டி, ஊட்டுகிறவள். நான்கு வருஷமாக இதேதான். ஃபேக்டரியில் வெல்டராக இருந்த மனுஷன், நல்ல கனம். மகன் ஸ்ரீராம் முகப்பேரில் ஃபிளாட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளோடு வந்து போவான். ஆப்பிளா அப்பனைத் தூக்கிக் குளிப்பாட்டும்?

எலும்புத் தேய்மானத்துக்கென்று எப்போதோ எழுதிக்கொடுத்த வார மாத்திரையை, பழைய அட்டையைக் காட்டிக் காட்டியே ஒன்பது வருஷம் மெடிக்கலில் வாங்கி விழுங்கினாள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சுதான். இடது தொடையில் சுருக்கென்று வலி பிடித்தது. ஆறு மாதம் தைலம் தடவிப் பார்த்தாள். நொண்டுவதைப் பார்த்து ஸ்ரீராம்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான்.

டாக்டர் ஷர்மிளா எக்ஸ்ரேயைக் காட்டினார். தொடை எலும்பின் வெளிப்பக்கத்தில் மயிரிழையாக ஒரு கறுப்புக் கோடு.

"எலும்பு பாதி விரிசல் விட்டிருக்கும்மா. அந்த மாத்திரைய வருஷக்கணக்கா தின்னா இப்படியும் ஆகும். இன்னியோட நிறுத்துங்க. கால ஊணும்போது வலிக்குதா? அத வெச்சுதான் ஆபரேஷனா வேணாமான்னு முடிவு பண்ணணும்."

ஆபரேஷன் என்றால் மாதக்கணக்கில் படுக்கை என்று ரேணுகா தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள். அத்தனை நாள் அந்த மனுஷனை யார் புரட்டிப் போடுவது?

"வலியா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். நல்லாத்தான் கீறேன்."

அடிப்பாவி! வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்?

வலி இல்லையென்றால் மூன்று மாதம் பார்க்கலாம், வாக்கர் பிடித்துத்தான் நடக்கணும், எதையும் தூக்கக் கூடாது, வலித்தால் அன்றைக்கே வரணும் என்றார் டாக்டர். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தாள். வாக்கர் துண்டு காயப்போட உதவியது.

பதினோராம் நாள் காலை, கஜபதியை நாற்காலிக்கு மாற்றும்போது மடக்கென்று தொடை ஒடிந்தது. இருவரும் விழுந்தார்கள். பக்கத்து வீட்டு கோபி கதவை உடைத்து வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவரை, பேச்சு போன கஜபதி, விளங்கிய ஒரு கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டே கிடந்தார்.

தொடைக்குள் கம்பி வைத்தார்கள். "வலிக்குதுன்னு சொல்லியிருந்தா, ஒடையறதுக்கு முன்னாடியே இத வெச்சு ரெண்டு நாள்ல நடக்க விட்டிருப்பேனேம்மா. இப்ப ஆறு மாசம் ஆகும்," என்றார் டாக்டர்.

அப்பாவை ஸ்ரீராம் பூந்தமல்லிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் விட்டான். அவள் கையைத் தவிர வேறு கையில் சோறு வாங்காத மனுஷன். முதுகெல்லாம் புண் வைத்து, இருபத்து மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். கடைசியாக முகம் பார்க்கக்கூட அவளால் எழுந்து போக முடியவில்லை. ஸ்ரீராம் போனில் காட்டினான். வயிறெரிந்து அழுதாள்.

அடுத்த மாதம் எடுத்த எக்ஸ்ரேயில் வலது தொடையிலும் அதே கோடு தெரிந்தது. டாக்டர் தயங்கித் தயங்கி அதே கேள்வியைக் கேட்டார்.

"வலிக்குது டாக்டர். கம்பி வெச்சுடுங்க. எத்தினி மாசம்னாலும் படுத்துகினு கீறேன். நான் தூக்க வேண்டிய மனுசன்தான் பூட்டாரே."