இரண்டாவது ரீலில் அழ வேண்டும்

எங்கள் சித்தப்பா ஒரு சினிமாப் படத்துக்குச் சொந்தக்காரராக இருந்தார் என்று சொன்னால் இன்று யாரும் நம்புவதில்லை. அது பேசாத படம் என்றும் சேர்த்துச் சொன்னால் சிரிக்கிறார்கள். நான் மூன்றாம் வகுப்பு படித்த அறுபதுகளில், படங்கள் பேசி அலுத்துக் கலரில் ஆடத் தொடங்கிவிட்ட காலத்தில், அவர் அதைச் சம்பாதித்துக்கொண்டு வந்தார்.

சித்தப்பா வேலை பார்த்துவந்த லாமிங்டன் ரோடு சினிமா விநியோகக் கம்பெனியை மூடிவிட்டார்கள். கிடங்கைக் காலி செய்தபோது குப்பைக்குப் போகவிருந்த தகர டப்பாக்களைக் கேட்டு வாங்கி, மின்சார ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு தாராவிக்கு வந்து சேர்ந்தார். முழுப்படம் இல்லை, மிஞ்சியிருந்தது நாலு ரீல்தான். ஒற்றை அறை வீடு. அப்பா, அம்மா, நான், சித்தப்பா, கல்யாணமாகி ஒரு வருஷமாகியிருந்த சித்தி, இத்தனை பேருக்கு நடுவில் டப்பாக்களுக்கு அடுப்புக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. அந்தக் காலத்துப் பிலிம் ஒரு பொறி பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும் சரக்கு என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. அம்மா அதன்மேல் சீமெண்ணெய் பாட்டிலை வைத்திருந்தாள்.

டப்பாக்களோடு ஓர் இங்கிலீஷ் புத்தகமும் வந்தது. பேசாத படக் காலத்தில் கம்பெனிக்காரர்கள் தியேட்டர் முதலாளிகளுக்கு அனுப்பிவைத்த விளம்பரப் புத்தகம் அது. படத்தின் கதை, போஸ்டர்களின் மாதிரி, கூட்டம் சேர்க்கும் வழிகள் எல்லாம் அதில் இருந்தன. யானைமேல் தட்டி கட்டி ஊர்வலம் விடலாம். புலி வேஷக்காரனைக் கடைத்தெருவில் உலவவிடலாம். முதல் நாள் ஆட்டத்தில் ஒரு பெண் மயங்கி விழ, அவளை எல்லோரும் பார்க்கும்படி வெளியே தூக்கிக்கொண்டு போகலாம். சித்தப்பா எழுத்துக்கூட்டிப் படித்துத் தமிழில் சொல்லச்சொல்ல எனக்குப் புல்லரிக்கும். மயங்கி விழும் வேலையை அவர் என் அம்மாவிடம் கேட்டுப் பார்த்தார். அம்மா, விழுந்தால் ராத்திரிச் சோறு யார் பொங்குவது என்று கேட்டுவிட்டாள்.

அப்பாவுக்கு இதில் ஒன்றும் பிடிக்கவில்லை. தோல் பட்டறையில் வேலை பார்த்த அவர், தெரிந்தவர் மூலம் விக்ரோலியில் ஒரு ஃபேக்டரியில் தம்பிக்கு வேலை சொல்லி வைத்திருந்தார். ஒருநாள் சாப்பிட்டுக் கைகழுவும்போது முடிவாகச் சொன்னார்.

"ஒம் படத்த எவனாவது எடுத்துக்கிட்டாம்னா சரி. இல்லைன்னா திங்கக்கெழம காலைல விக்ரோலிக்கு ரயிலேறு."

"சரிண்ணே," என்றார் சித்தப்பா.

வடாலாவில் தகரக் கூரை போட்ட ஒரு தியேட்டர் இருந்தது. அதன் முதலாளியான சேட்டு, ஞாயிற்றுக்கிழமைக் காலை ஆட்டத்துக்கு மலிவாக ஏதாவது கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். படத்தைப் போட்டுக் காட்டினால் யோசிக்கிறேன் என்றார். சித்தப்பா புத்தகத்தைத் திறந்தார். முதலாளிகளுக்குப் படம் காட்டும்போது பக்கத்தில் நாலு பேரை உட்காரவைத்துச் சிரிக்கவும் அழவும் விட வேண்டும், முதலாளி பார்ப்பது திரையை அல்ல, ஜனங்களின் முகத்தைத்தான் என்று அதில் போட்டிருந்ததாம்.

நாங்கள்தான் அந்த ஜனங்கள். படத்தைச் சித்தப்பாவும் பார்த்ததில்லை, புத்தகத்தில் கதையைப் படித்திருந்தார், அவ்வளவுதான். அதை வைத்து வேலையைப் பிரித்துக் கொடுத்தார். முதல் ரீலில் அரண்மனைக் காவல்காரன் செய்யும் கோமாளித்தனம், சிரிக்க வேண்டும். இரண்டாவதில் ராணியைக் கைக்குழந்தையோடு நாடுகடத்துகிறார்கள், அழ வேண்டும். மூன்றாவதில் காட்டில் புலி, நான் வீறிட வேண்டும். நாலாவதில் பட்டாபிஷேகம், எல்லோரும் கைதட்ட வேண்டும். யாருக்காகவும் சிரிக்கவோ அழவோ முடியாது என்று சொல்லிவிட்ட அப்பாவுக்குக் கைதட்டல் மட்டும். அம்மாவிடம் சித்தப்பா தனியாகச் சொல்லி வைத்தார்.

"மதினி, நீங்க படத்தப் பாக்காதிய. ரீல் நம்பர மட்டும் மனசுல வச்சிக்கிடுங்க. ரெண்டாவது ரீல்னா அழுகைதான், எது வந்தாலும் சரி."

சனிக்கிழமையே அம்மா அழுகைக்குத் தயாராகிவிட்டாள். அதோடு நிற்காமல், பெரிய மனிதர் முன்னால் துருப்பிடித்த டப்பாவைக் கொண்டுபோய் வைப்பதா என்று, அவற்றைக் குழாயடிக்கு எடுத்துப்போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கவிழ்த்து வைத்தாள். உள்ளே இருந்த பிலிமைப் பத்திரமாக ஒரு பழைய சேலையில் சுற்றித்தான் வைத்திருந்தாள். ரீல் நம்பர் எழுதிய காகிதங்கள் மட்டும் சாக்கடையோடு போயின. சித்தப்பா வந்து டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உத்தேசமாக ஒரு வரிசையில் அடுக்கிக்கொண்டார். சித்தி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கவலையே இல்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஞாயிறு காலை வடாலாவில் சேட்டு பின்வரிசை சோபாவில் பான் மென்றபடி உட்கார்ந்தார். பக்கத்தில் சித்தப்பா. நாங்கள் முன்னால் பெஞ்சில், சேட்டு பார்வை படும்படி, கொஞ்சம் பக்கவாட்டில். ஒரே ஒரு மெஷின் என்பதால் ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போடுவார்கள். எண்ணுவதற்கு அது வசதி.

முதல் ரீலில் புலி வந்தது. வந்த வேகத்தில் ஒரு முனிவரைக் கவ்விக்கொண்டு போயிற்று. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பேசாத படமல்லவா, மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் எங்கள் சத்தம் ஒன்றுதான் கேட்டது.

விளக்கு எரிந்து அணைந்தது. இரண்டாவது ரீலில் குண்டுக் காவல்காரன் ஒருவன் குளத்தில் விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். நான் திரும்பிப் பார்த்தபோது சித்தப்பா இரண்டு கைகளாலும் ஏதோ சைகை செய்தார். இன்னும் பலமாக அழச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவதில் ராஜாவுக்குக் கிரீடம் வைத்தார்கள். நான் வீறிட்ட வீறிடலில் ஆபரேட்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். நாலாவதில் கொட்டும் மழையில் ராணியையும் குழந்தையையும் விரட்டினார்கள். அதுவரை சிலைபோல் இருந்த அப்பா, தம்பிக்குக் கொடுத்த வாக்கு என்று, தோல் அடித்துக் காய்த்துப்போன கைகளால் நிதானமாகத் தட்டத் தொடங்கினார். ராணி கால் தடுக்கி விழுந்தபோதும் நிறுத்தவில்லை. அந்நேரத்துக்குச் சேட்டு திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு எங்கள் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார். கண்களைத் துடைத்துக்கொண்டார், வாயிலிருந்த பான் சட்டையெல்லாம் வழிந்திருந்தது.

விளக்கு எரிந்ததும் சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். சேட்டு அவர் தோளில் தட்டினார்.

"பிக்சர் பேகார் ஹை. லேகின் பப்ளிக் ஏக் நம்பர்."

படம் உதவாது, ஆனால் ஜனங்கள் முதல்தரம் என்றவர், ஒரு நிபந்தனை போட்டார். படத்தை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இந்தக் குடும்பமும் கூடவே வர வேண்டும், இதே வரிசையில் சிரிக்கவும் அழவும் வேண்டும். சித்தப்பா அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டார்.

அப்பா சொன்ன சொல் தவறாதவர். விக்ரோலி பேச்சை அதோடு விட்டார். சித்தப்பா எங்களைக் கிங்ஸ் சர்க்கிளில் ஓட்டலுக்குக் கூட்டிப்போய் மசால்தோசை வாங்கிக் கொடுத்தார். யானைக்கு எங்கே சொல்லலாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். சித்தி தோசையைப் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். காலையில் தியேட்டரில் அவள் வாயைக்கூட அசைத்திருக்கவில்லை.

"சந்தோசத்துல அழுவுறா," என்று சித்தப்பா அம்மாவிடம் சொன்னார். அம்மா காப்பியை ஆற்றினாள்.

நான் சித்தியின் காதருகில் போய், ரீல் எல்லாம் முடிந்துவிட்டது, இனி அழ வேண்டாம் என்றேன்.

"ஏட்டி, ஒங்களுக்கு முடிஞ்சிட்டு," என்றாள் சித்தி. "எனக்கு முடியல."

படம் மழைக்காலம் வரை ஓடியது. கூரை ஒழுகத் தொடங்கியதும் சேட்டு காலை ஆட்டத்தையே நிறுத்திவிட்டார். அதற்குள் விக்ரோலி வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். பல வருஷம் கழித்து, என் கல்யாணத்துக்குச் சாமான் வாங்கப் போன இடத்தில்தான் அம்மா சொன்னாள். அந்த வேலைக்குக் குவார்ட்டர்ஸ் உண்டாம். சேட்டுக்குப் படம் காட்டியதற்கு முந்தின வாரம் சித்தியும் அவளும் யாருக்கும் தெரியாமல் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்களாம். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, வீட்டுக்குள்ளேயே குழாய். சித்தி உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தாளாம். அம்மா வெளியே நிற்க, கொஞ்ச நேரம் திறக்கவே இல்லையாம்.

இதெல்லாம் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை தெரியாது. சித்தி எங்கேயும் போகவில்லை என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அன்று ராத்திரியும் வழக்கம்போல என் பாயை இழுத்துக்கொண்டுபோய்ச் சித்திக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் விரித்துக்கொண்டு, கதை சொல் என்று அவள்மேல் காலைத் தூக்கிப் போட்டேன்.