பாப்பா வகைக் கட்டி

நம்ம சபையில கூட உக்காந்து ஜெபிக்கிற எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் அஞ்சாவதுதான் படிச்சேன். எழுத்து கோணலா இருக்கும், மறதியும் உண்டு. மன்னிச்சிக்கங்க.

போன வருஷம் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்குற சமயத்துல என் குரல் கம்மிப் போச்சு. சளின்னு விட்டுட்டேன். கழுத்துல ஒரு கட்டியும் இருந்தது. வலி இல்ல, அதனால யார்கிட்டயும் சொல்லல. டீ குடிச்சிக்கினு இருந்தப்ப மருமக ஸ்டெல்லாதான் பாத்தா. “அத்தை, நீங்க முழுங்க முழுங்க கழுத்துல எலி மாதிரி ஒண்ணு ஏறி எறங்குது”ன்னா. சிரிச்சிக்கினேதான் சொன்னா. ஆனா மறுநாளே திண்டிவனத்துக்கு இட்டுக்கினு போயிட்டா.

ஸ்கேன் பாத்துட்டு விழுப்புரத்துக்கு அனுப்பினாங்க. அங்க கட்டியில ஊசி குத்தி எடுத்து டெஸ்ட் பண்ணாங்க. தைராய்டு கேன்சர்னாங்க. எனக்கு மூணு நாள் கேப்பைக் கூழ்கூட எறங்கல.

அடுத்த தடவை போனப்ப டாக்டரம்மா பொறுமையா சொன்னாங்க. இதுல முக்கியமா நாலு வகையாம். ஒண்ணு மெதுவா வளரும், கழுத்துல நெறி கட்டும், ஆனா வைத்தியத்துக்கு நல்லா கேக்கும். இன்னொண்ணு ரத்தத்தோட போயி எலும்புலயும் நுரையீரல்லயும் உக்காந்துக்கும். ஒண்ணு சில குடும்பத்துல வழிவழியா வரும். கடைசி வகை வயசானவங்களுக்கு வரும், ஜல்தியா பெருசாகி மூச்சை அடைக்கும். என்னுது முதல் வகை, பாப்பிலரின்னாங்க. என் காதுல பாப்பான்னுதான் விழுந்தது.

கட்டியை ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணுமாம், குரலுக்குப் போற நரம்பு அதுக்குப் பக்கத்துலயே இருக்குதாம். ஆபரேஷன்ல குரல் போனாலும் போகலாம்னாங்க. அங்கதான் அழுதேன். இத்தனை வருஷம் சபையில வாயை மட்டும் அசைச்சிக்கினு பாடினவ நான். போயிடும்னப்பதான் அதோட அருமை தெரிஞ்சுது. “ஆண்டவரே, இந்தப் பாப்பாவை எடுத்துக்கும். குரலை மட்டும் விட்டுடும். சபையில எழுந்து நின்னு சாட்சி சொல்றேன்”னு பொருத்தனை பண்ணேன்.

ஆபரேஷன் அன்னிக்கும் அதையே முணுமுணுத்துக்கினு படுத்திருந்தேன். “எந்தப் பாப்பா, பாட்டி? பேத்தியா?”ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. “நீங்க சொன்ன பாப்பாதாம்மா, கழுத்துல இருக்குதே”ன்னேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. என் பயமும் போயிடுச்சு.

முழிச்சதும் பேசச் சொன்னாங்க. ஸ்தோத்திரம்னேன். கம்மலாத்தான் வந்தது, ஆனா வந்துடுச்சு. இப்ப நல்லா தெளிஞ்சுட்டுது. தெனம் காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை போட்டுக்கினு, ஆட்டை அதட்டிக்கினு திரியுறேன். “அத்தை, கட்டியை எடுத்துட்டு மைக் செட்டு வச்சி அனுப்பிட்டாங்களா?”ன்னு ஸ்டெல்லா கேக்குறா.

உங்க கழுத்துல கட்டி இருந்தா, வலிக்கலயேன்னு விட்டுடாதீங்க. டாக்டர்கிட்டயும் போங்க, ஆண்டவர்கிட்டயும் சொல்லுங்க. என்னைப் போல வாயில்லாதவ கேட்டதையே கேட்டாரு, நீங்க கேட்டா கேக்க மாட்டாரா?

பொருத்தனை இன்னும் பாக்கி இருக்குது. எழுந்து நிக்கக் கூச்சம். ஞாயித்துக்கிழமை சபையில இதைப் பாத்துப் படிச்சிடலாம்னுதான் எழுதி, முன்னாடியே உங்களுக்கு அனுப்புறேன். நர்சுக்குப் படிச்ச பொண்ணுங்க யாராவது, நாலு வகையும் சரியா இருக்குதான்னு அதுக்குள்ள பாத்துக் குடுங்க. பாப்பாங்குறதை மட்டும் திருத்த வேணாம். ஆண்டவர்கிட்ட அந்தப் பேரைச் சொல்லித்தான் கேட்டேன்.