கோபத்தோடு சாப்பிட்ட மாதங்கள்

கட்டியை முதலில் கண்டுபிடித்தது என் கைப்பையின் வார்தான். ஸ்ட்ரெதம் பிரதான வீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை கடையைப் பூட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடியபோது, குறுக்காகப் போட்டிருந்த வார் இடது மார்பின் வெளிப்பக்கத்தில் எதையோ அழுத்தியது. வலிக்கவில்லை. எதிலோ தடுக்கியது போல இருந்தது. வீட்டுக்கு வந்து விரலால் தேடினேன். அவித்த கடலை அளவில் ஒன்று, அசையாமல் இருந்தது.

மூன்று கிழமை சும்மா இருந்தேன். இதை வாசிப்பவர்களில் யாராவது இப்போது அப்படிச் சும்மா இருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு டாக்டருக்கு அழையுங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

மார்பக ஊடுகதிர்ப் படம் எடுக்கும் அறையில், மார்புக்குள் சிலிக்கோன் பை வைத்திருக்கிறேனா என்று ஒரு பெண் கேட்டார். ஓம் என்றேன். அப்படியானால் பையைப் பின்னுக்குத் தள்ளிக் கூடுதலாகச் சில படங்கள் எடுக்கவேண்டும் என்றார். வைத்திருப்பவர்கள் அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எப்போது வைத்தீர்கள், எதற்காக என்று அடுத்த கேள்வி வந்தது.

"வேலைக்காக" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

வேலை என்னவென்று இங்கே சொல்லிவிடுகிறேன். இருபத்துநான்கு வயது முதல் முப்பத்துமூன்று வரை வயதுவந்தோருக்கான படங்களில் நடித்தேன். ஏழு வயதில் அம்மாவோடும் அக்காவோடும் இந்த நாட்டுக்கு வந்தவள். குரோய்டனில் அகதி விண்ணப்ப வரிசையில் அம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. படிப்பைப் பாதியில் விட்டு, ஒரு திருமணத்தையும் பாதியில் விட்டு, உள்ளாடை விளம்பரத்துக்கு ஆள் தேவை என்ற அறிவித்தலுக்குப் பதில் எழுதினேன். அங்கிருந்து மற்றதுக்குப் போனது நானாகத்தான். யாரும் கடத்திக்கொண்டு போகவில்லை. அப்படியொரு கதை சொல்லியிருந்தால் நம் ஆட்கள் என்மேல் இரக்கப்பட்டிருப்பார்கள்.

ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் முன்னால் கடவுச்சீட்டை முகத்துக்கு அருகே பிடித்து, என் உண்மையான பெயரையும் பிறந்த திகதியையும் சொல்லி, சம்மதத்துடன்தான் நடிக்கிறேன் என்று கமராவுக்குச் சொல்லவேண்டும். சில கிழமைகளுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை. குளிர்ந்த வாடகை வீடுகளில் மணிக்கணக்காகக் காத்திருப்பு. நல்லவர்களும் இருந்தார்கள், மிருகங்களும் இருந்தார்கள். இருபத்தாறு வயதில், மார்பு பெரிதானால்தான் அடுத்த படம் என்றார் ஒரு தயாரிப்பாளர். செய்துகொண்டேன். நடித்த பெயரை நான் எழுதப்போவதில்லை. நீங்களும் தேடவேண்டாம்.

கடைசி வருடங்களில் ஒரு படத்தில் தமிழில் நான்கு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசினேன். அதன் பிறகு, இரசிகர்களுக்காக வைத்திருந்த என் பக்கத்துக்குத் தமிழில் செய்திகள் வரத் தொடங்கின.

அவற்றில் ஒன்று ஒரு குரல் பதிவு. இருபத்திரண்டு விநாடி. "பிள்ளை, உம்மட படம் ஒண்டும் விடாமப் பாத்திட்டன். எனக்காக ஒருக்காச் சிவப்புச் சீலை உடுத்து வாருமன்." அந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. "இஞ்சாருங்கோ, சோறு ஆறுது."

அது என் அக்கா சாந்தியின் குரல். பேசியவர் அவளின் கணவர், என் அத்தான்.

அவரின் பெயரை எழுதாமல் விடுவது இரக்கத்தால் அல்ல. என் எழுத்தில் அவருக்கு ஒரு பெயர் கிடைக்கக்கூடாது.

நான் பதில் எழுதாமல் அவரைத் தடைசெய்தேன். அடுத்த கிழமையே அவர் வெஸ்ட் ஈலிங்கில் அம்மாவின் வரவேற்பறைக்குப் போய், ஒரு சினேகிதன் அனுப்பியதாகச் சொல்லி, என் படம் ஓடும் தன் கைபேசியை அம்மாவின் முகத்துக்கு முன்னால் பிடித்தார். அக்கா பக்கத்தில் நின்றாள். அம்மா அதன் பிறகு என்னோடு கதைக்கவில்லை. பதினான்கு மாதம் கழித்து இறந்தார். சடங்குக்கு வரக்கூடாது என்று அத்தான் சொல்லியனுப்பினார். மயானத்துக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று, கார்கள் உள்ளே போவதைப் பார்த்தேன். அந்த வருடத்தோடு நடிப்பதையும் விட்டேன்.

எட்டு வருடம் கழித்துத்தான் இந்தக் கட்டி.

திசு ஆய்வு (ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது) புற்றுநோய் என்றது. மும்மை எதிர்மறை வகை (ஹோர்மோன் மருந்துகள் வேலை செய்யாத வகை). முதலில் கீமோ, பிறகு அறுவை, பிறகு கதிர்வீச்சு என்று திட்டம் போட்டார்கள். என் புற்றுநோய் டாக்டரின் பெயர் நளினி. மலேசியத் தமிழர். என் பெயரைப் பார்த்துத் தமிழில் பேசினார். கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். தமிழர் என்றால் எங்கேயாவது கதை போகும்.

"இந்தப் பையால வந்ததா டாக்டர்? இல்லாட்டி நான் செய்த தொழிலாலயா?" என்று கேட்டேன். தொழிலையும் சொன்னேன்.

அவர் பேனாவை வைத்தார். "இல்லை வதனி. பையாலயும் இல்லை, தொழிலாலயும் இல்லை. யாராவது அப்படிச் சொன்னா என்கிட்ட அனுப்புங்க."

என் நோயை அக்காவுக்கு மட்டும் சொன்னேன். அம்மாவின் மரணத்துக்குப் பிறகு எப்போதாவது ஒளித்து ஒளித்து எனக்கு அழைப்பாள். செய்தி கேட்டதும், கணவருக்குச் சொல்லாமல் ஈலிங்கிலிருந்து காரோட்டி வந்தாள். முதல் கீமோவுக்கு அவள்தான் கூட்டிப்போனாள். கஞ்சியும் இரசமும் குடுவையில் கொண்டுவந்தாள். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் நாலரை மணித்தியாலமும் என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

இரண்டாம் கீமோவின்போது, "உன்ர நோய் விசயம் அவருக்குத் தெரிஞ்சு போச்சு. வாய்க்கு வந்ததைச் சொல்லுவார், நீ மனசில வைக்காதை" என்றாள்.

"என்ன சொன்னவர்?"

அவள் குடுவையின் மூடியைத் திருகினாள். "விடு."

"சொல்லக்கா."

"ஆக்கள் இருக்கேக்கை சொன்னவர். செய்த தொழிலுக்குக் கடவுள் சரியான இடத்தில அடிச்சிருக்கிறார் எண்டு."

தலைமயிர் கொட்டத் தொடங்கியிருந்த நாள்கள் அவை. வாய் முழுக்கப் புண். தண்ணீர்கூடத் தகரச் சுவையில் இருந்தது. சிகிச்சையின் நடுவில் எதை நோக்கி வாழ விரும்புகிறீர்கள் என்று ஒரு தாதி அன்போடு கேட்டார். கடற்கரை, பேரப்பிள்ளைகள் என்றெல்லாம் மற்றவர்கள் சொல்வார்களாம். தெரியாது என்றேன். எனக்கு அன்று பதில் தெரியும். அந்த மனிதர் தலைகுனிவதைப் பார்க்கும்வரை சாகக்கூடாது. அதற்காக வாய்ப்புண்ணோடு கஞ்சி குடித்தேன். அதற்காக எழுந்து நடந்தேன்.

கோபம் புற்றுநோயை வளர்க்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பயந்து டாக்டர் நளினியிடம் போனேன்.

"கோபத்தில சாப்பிடுறீங்களா, பட்டினி கிடக்கிறீங்களா?"

"சாப்பிடுறன்."

"அப்ப இருக்கட்டும் லா" என்றார்.

கீமோ மூன்று கிழமைக்கு ஒருமுறை. இரண்டாம் கிழமையில் வெள்ளை அணுக்கள் (தொற்றை எதிர்க்கும் இரத்த அணுக்கள்) அடிமட்டத்துக்கு இறங்கும். கூட்டத்துக்குள் போகவே கூடாது. மூன்றாம் கிழமையில் திரும்ப ஏறும். அத்தான் தன் பழைய மாணவர் சங்கத்துக்குத் தலைவராகத் தெரிவானார். பாராட்டு விழா ஒரு ஞாயிறு மத்தியானம், ஒரு பாடசாலை மண்டபத்தில். அது என் நான்காம் கீமோவின் மூன்றாம் கிழமை.

அழிக்காமல் வைத்திருந்த அந்தக் குரல் பதிவிலிருந்து அக்காவின் குரலை வெட்டிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அது இல்லாவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள். வெட்டவில்லை. அவளுக்கு அது என்ன செய்யும் என்று தெரிந்துதான் வெட்டவில்லை. இதை அழகுபடுத்தி எழுத எனக்கு விருப்பமில்லை.

தொப்பி, துணி எதுவும் இல்லாமல், மொட்டைத் தலையோடும் முகக்கவசத்தோடும் போனேன். பொன்னாடை போர்த்துபவர்களின் வரிசையில் நின்றேன். நோயாளி என்று எல்லோரும் வழிவிட்டார்கள். என் முறை வந்தது. வெறுங்கையோடு போய் அவருக்கு முன்னால் நின்று முகக்கவசத்தைக் கழற்றினேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிய ஒரு நொடி எடுத்தது. அதற்குள் கைபேசியை ஒலிவாங்கிக்கு அருகே பிடித்துவிட்டேன்.

"பிள்ளை, உம்மட படம் ஒண்டும் விடாமப் பாத்திட்டன்..."

பின் வரிசையில் யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள். "இஞ்சாருங்கோ, சோறு ஆறுது" என்ற அக்காவின் குரலோடு பதிவு முடிந்தது.

"இது எனக்கு வந்தது. நான் நடிச்ச படங்களுக்காக. என்ர அக்காவின்ர மனிசன் அனுப்பினது" என்றேன்.

அத்தான் நிதானமாக ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார். "உது என்ர குரல் இல்லை. இந்தக் காலத்தில கம்பியூட்டர் எந்தக் குரலையும் செய்யும். வருத்தக்காரப் பிள்ளை, மன்னிப்பம்."

பலர் தலையாட்டினார்கள். தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது ஒருவர் முன் வரிசைப் பக்கம் திரும்பி, "சாந்தி அக்கா, உது உங்கட குரலோ?" என்று கேட்டார்.

அக்கா எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள். கணவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"ஓம். என்ர குரல்தான். அவரின்ர குரலும்தான்."

அத்தானின் தலை குனிந்தது. நான் பார்த்தேன். இனிப்பாக இருந்தது. இல்லை என்று சொல்லி உங்களிடம் நல்ல பெயர் வாங்க நான் தயாரில்லை.

அவர் சங்கத்திலிருந்து விலகி, கனடாவில் தம்பி வீட்டுக்குப் போனார். அக்கா எனக்கு அழைப்பதை நிறுத்தினாள். ஐந்தாம், ஆறாம் கீமோக்களுக்கு டிராமிலும் பஸ்ஸிலும் தனியாகப் போனேன். என் காலை மடியில் வைத்துக்கொள்ள யாருமில்லை. வெற்றிக்குப் பிறகும் வாந்தி அதே வாந்திதான்.

அறுவையில் இடது மார்பு முழுவதையும், அதன் பின்னாலிருந்த பையையும் எடுத்தார்கள். வலது பையையும் எடுத்துவிடச் சொன்னேன். விழித்தபோது விலாப்பக்கத்தில் ஒரு வடிகுழாய் (காயத்தில் சேரும் நீரை வெளியேற்றும் குழாய்) தொங்கியது. கட்டியில் பெரும்பகுதி கரைந்திருந்ததாம், கொஞ்சம் மிச்சமாம். மிச்சத்துக்காக ஆறு மாதம் மாத்திரை.

அறுவை முடிந்து ஐந்தாம் கிழமை, அக்கா கதவைத் தட்டினாள். கையில் குடுவை. உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"நீ அதை எனக்கு மட்டும் போட்டுக் காட்டியிருக்கலாம்" என்றாள்.

"அம்மாவுக்கு அவர் போனைக் காட்டேக்கை நீ என்ன சொன்னனீ?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"அதுதானக்கா."

அவள் அழவில்லை. நானும் அழவில்லை. எட்டு வருடமாகக் கேட்காமல் வைத்திருந்ததை அப்போது கேட்டேன்.

"அம்மா கடைசியில என்னைக் கேட்டவவோ?"

குடுவையை மேசையில் தள்ளி வைத்தாள். "கேட்டவ. ரெண்டு மூண்டு தரம். நீ நாட்டில இல்லை எண்டு சொன்னனான். அவர் அப்பிடித்தான் சொல்லச் சொன்னவர்."

அறுவைக் கத்திகூட அந்த அளவு ஆழம் போகவில்லை. அவளைப் போகச் சொன்னேன். போனாள். ஆனால் கதிர்வீச்சு தொடங்கிய காலை கீழே காரோடு நின்றாள். மூன்று கிழமை, வார நாள்களில் தினமும் வந்தாள். நான் ஏறினேன். போகவரப் பத்து வார்த்தை பேசியிருக்கமாட்டோம். அவளை மன்னித்துவிட்டேனா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குக் கார் தேவைப்பட்டது. அவளுக்கு ஓட்டுவது தேவைப்பட்டது.

மாத்திரைகள் உள்ளங்கையையும் பாதத்தையும் சிவக்கவைத்துத் தோலை உரித்தன. விரல் ரேகைகள் மழுங்கிப்போயின. இது நடக்கும், சிலருக்கு மெல்லத் திரும்பி வரும், பயப்படவேண்டாம். ஆனால் கண்ணாடிச் சட்டங்களைத் துடைக்கும்போது என் விரல் அடையாளம் கண்ணாடியில் விழாததைப் பார்த்து முதல் நாள் திடுக்கிட்டேன். அங்கே இணையத்தில் என் உடலின் ஒவ்வொரு மச்சமும் அப்படியே இருக்கிறது. அந்தப் படங்களில் எனக்கு இன்னும் இருபத்தெட்டு வயது. அந்தப் படத்துப் பெண்ணைப் பார்ப்பவர்களுக்கு நான் நோயுற்றதும் தெரியாது, பிழைத்ததும் தெரியாது. முன்பு அவளை வெறுத்தேன். இப்போது அவளிடம் வாங்கவும் கொடுக்கவும் எனக்கு எதுவும் இல்லை. இந்தத் தட்டையான, தையல் ஓடிய மார்பை நான் யாருக்கும் காட்டவேண்டியதில்லை. இது முழுக்க எனக்குத்தான்.

போன மாதம் முதல் வருடாந்தப் பரிசோதனை. டாக்டர் நளினி படங்களைப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு. அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார். நான் எழும்பாமல் இருந்தேன். மூன்று கிழமைக்கு அப்பால் எதையும் நினைத்துப் பார்க்காமல் வாழ்ந்து பழகியவளுக்கு, ஒரு முழு வருடத்தை ஒரே தடவையில் கொடுத்தால் எங்கே வைப்பது?

வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தபோது அக்கா அழைத்தாள். விபரம் சொன்னேன். விம்மினாள். பிறகு தயங்கித் தயங்கி, "அவர் திரும்பி வந்திட்டார். உன்னை மன்னிச்சிட்டாராம்" என்றாள்.

சிரித்தேன். சிரித்தபோது இடப்பக்கத் தோல் விலாவோடு ஒட்டி இழுத்தது.

"நான் மன்னிக்கேல்லை எண்டு சொல்லு."

"எப்பவாவது மன்னிக்கத்தானே வேணும், வதனி."

"அவசரமில்லையக்கா" என்றேன். "எனக்கு ஒரு வருஷம் தந்திருக்கினம்."