புயல் நாளில் எவர்டன்

ஆசிரியர் அறை வாசலில் நின்று எவர்டன் காலுறையைப் பிழிகிறார். “மாப்ளே, காத்து ஆளையே தூக்குதுடா” என்கிறார், துணைத் தலைமையாசிரியர் யானோவைப் பார்த்து. ஓய்வுபெற இரண்டே வருடம் பாக்கியிருக்கும் யானோ, “ஆமாங்க” என்று குனிந்து வணங்குகிறார்.

எவர்டன் மனசில் மரியாதைக்குக் குறைவில்லை. ஜமைக்காவிலிருந்து ஷிகோக்கு தீவின் இந்தத் துறைமுக ஊருக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்து ஆறு வருடமாகிறது. ஜப்பானிய மொழியை அவர் பிடித்துக்கொண்டது சூரை மீன் இறங்கும் படகுத்துறையில். அங்கே ‘நீங்க’ என்ற சொல்லே புழங்குவதில்லை.

புயல் எச்சரிக்கை வந்தால் மாணவர்களுக்கு விடுமுறை. ஆசிரியர்கள் வந்தாக வேண்டும். பிள்ளைகள் இல்லாத பள்ளியில் எவர்டனுக்கு இருப்புக்கொள்ளாது. கண்ணில் பட்ட பென்சிலையெல்லாம் சீவுவார். மதியத்துக்குக் கொண்டுவந்த சோற்று உருண்டைகளைப் பத்து மணிக்கே தின்று தீர்த்துவிட்டு, பக்கத்து மேசை டப்பாவை நோட்டம் விடுவார். “மீன் வறுவலா? வாசனை ஒரு மாதிரி இருக்கே. நான் வேணா தின்னு பாக்கட்டுமா?”

போன செப்டம்பரில் அடித்தது பெரிய புயல். பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தை ஊராருக்குத் திறந்துவிட்டார்கள். கடற்சுவரை ஒட்டிக் குடியிருந்தவர்கள் எல்லோரும் வந்தாயிற்று, படகுத்துறையில் எவர்டனுக்குப் பழக்கமான பழைய படகோட்டி ஒகாபயாஷியைத் தவிர. யானோ தொலைபேசியில் கெஞ்சினார். “ஐயா தயவுபண்ணி வரணும்.”

“எண்பது வருஷமா நான் பாக்காத அலையா? போனை வைப்பா.”

மூன்றாம் முறை எவர்டன் தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டார்.

“யோவ் பெருசு, நான்தான். எனக்கு ஏழு வயசுல எங்க ஊர்ல இப்படித்தான் புயல். எங்கப்பனும் வீட்டை விட்டு நகரமாட்டேன்னாரு. கூரையோட போயிட்டாரு. ரெண்டு நாள் கழிச்சுதான் கெடைச்சாரு.”

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவர் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. மறுமுனையில் காற்றின் இரைச்சலுக்கு நடுவே கிழவர் கேட்டார்.

“பூனையைக் கொண்டாரலாமா?”

“கொண்டா. ஒன்னைவிட அது தேவலை.”

யானோவும் எவர்டனும் காரில் போய் அழைத்து வந்தார்கள். மழைச்சட்டைக்குள்ளிருந்து பூனை தலை நீட்டியது. “இந்தக் கருவாயன் தொல்லை தாங்கலை, அதான் வந்தேன்” என்று கிழவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். மூன்று மணிக்குச் செய்தி வந்தது: அலை சுவரைத் தாண்டி அவர் வீட்டுச் சமையலறையில் புகுந்துவிட்டதாம். கிழவர் அதைக் கேட்டுவிட்டு, பூனையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

பக்கத்திலிருந்த பெரிய ஜன்னல் தடதடத்தது. எவர்டன் தன் பாயை இழுத்து, கிழவருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் போட்டு, ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டார்.