பத்தரை மணித்தியாலம்

கனடாவின் பார்க்டேலில் தமிழ்ப் பிள்ளை ஒன்று பிறந்தால், தகப்பன் முதலில் தொலைபேசி எடுப்பது தன் தாய் தகப்பனுக்கு அல்ல, குலசிங்கத்துக்குத்தான். எடுப்பதற்கு அப்போது யாழ்ப்பாணத்தில் தொலைபேசி வேலை செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடைக்கிற குலசிங்கத்திடம் பஞ்சாங்கம் இருந்தது. வருடா வருடம் யாராவது ஒருவரின் பயணப்பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவே அது வந்துசேரும். பிள்ளை பிறந்த நேரத்தைச் சொன்னால், அதோடு பத்தரை மணித்தியாலத்தைக் கூட்டி ஊர் நேரமாக்குவார். அந்த நேரத்து நட்சத்திரத்தைப் பார்ப்பார். அதற்குரிய நாலு எழுத்துகளைச் சொல்வார். பெயர் அந்த நாலில் ஒன்றில்தான் தொடங்க வேண்டும். தலைகீழாக நின்றாலும் ஐந்தாவது எழுத்துக் கிடையாது.

இந்த விஷயத்தில் மனுஷன் சரியான கறார். அதே கட்டடத்தின் ஒன்பதாம் மாடிப் புனிதவதி, மகளுக்குக் கஸ்தூரி என்று வைக்க ஆசைப்பட்டு அழாக்குறையாகக் கேட்டாள். "சதயம், தங்கச்சி. 'க' வராது, 'கோ' வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிள்ளை கோபிகா ஆனாள். இப்படி ஐந்து வருடத்தில் நாற்பத்தி மூன்று பிள்ளைகளுக்கு எழுத்துக் கொடுத்தவருக்குச் சொந்தமாக ஒரு பிள்ளை இல்லை. அதை யாரும் அவர் முன்னால் கதைப்பதில்லை.

1993ஆம் ஆண்டு மார்கழியில், கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து, மனைவி புஸ்பராணி முப்பத்தெட்டு வயதில் முழுகாமல் இருந்தாள். குலசிங்கத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. புஸ்பராணியோ கல்யாணமான வருடமே ஒரு பெயரைத் தெரிந்தெடுத்து மனதுக்குள் வைத்திருந்தவள். பெண் என்றால் நித்திலா. அதைப் புருஷனைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை.

"எழுத்து வராட்டி என்ன செய்வியள்?" என்று ஒருநாள் இடியப்பம் பிழிந்தபடி கேட்டாள்.

"வரும்" என்றார் குலசிங்கம். வராவிட்டால் என்ன செய்வது என்று அவருக்கே தெரியாது. ஊரார் பிள்ளைகளுக்கு ஒரு சட்டம், தன் பிள்ளைக்கு இன்னொன்று என்று எந்த முகத்தோடு சொல்வது?

அடுத்த ஆடியில், ஒரு புதன்கிழமை பின்னேரம் மூன்று பத்துக்குப் பெண் பிள்ளை பிறந்தது. குலசிங்கம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பஞ்சாங்கத்தை விரித்துவிட்டார். பத்தரையைக் கூட்டினால் ஊரில் இரவு ஒன்று நாற்பது. ஒன்று ஐந்துக்கு விசாகம் முடிந்து அனுஷம் தொடங்கியிருந்தது. அனுஷத்துக்கு ந, நி, நு, நே. அவர் அழுதுவிட்டார். அந்த வழியால் வந்த தாதி, ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நித்திலாதான்" என்று அவர் சொன்னபோது புஸ்பராணி சிரித்த சிரிப்பை இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவர் பார்த்ததில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, கொழும்பில் இருந்த மச்சான் தங்கத்துரைக்குத் தொலைபேசி எடுத்து விஷயத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு, "அங்க ஏழரை தாண்டியிருக்குமே, இரவுச் சாப்பாடு ஆச்சோ?" என்றார்.

"இல்லை அத்தான், இப்பதானே ஆறரை. சாமிக்கு விளக்குக் கொளுத்திக்கொண்டு நிக்கிறன்."

குலசிங்கம் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து விரலில் எண்ணினார். ஒரு மணித்தியாலம் இடித்தது. அவர் கனடாவுக்கு வந்து இறங்கியது ஒரு தை மாதத்தில். பத்தரை மணித்தியாலம் என்று அன்றைக்கு யாரோ சொன்னது அப்படியே பதிந்துபோயிற்று. சித்திரையில் இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளுகிறார்கள். வருடா வருடம் கதிரையில் ஏறி நின்று தள்ளியவரும் அவர்தான். ஆனால் பஞ்சாங்கம் பார்க்கும்போது அது ஒருநாளும் ஞாபகத்துக்கு வரவில்லை. கோடையில் ஒன்பதரைதான் கூட்டியிருக்க வேண்டும். அப்படியென்றால் பிள்ளை பிறந்தது ஊர் நேரம் பன்னிரண்டு நாற்பதுக்கு. விசாகம். தி, து, தே, தோ.

பிள்ளைகளின் பிறந்த நேரமும் பெயரும் எழுதிவைக்கிற கொப்பியை எடுத்துக் கோடையில் பிறந்தவர்களை எல்லாம் திரும்பப் பார்த்தார். மற்ற எல்லாருடைய நட்சத்திரமும் மாறாமல் தப்பியிருந்தது, கோபிகாவினது தவிர. அவள் சதயமே இல்லை, அவிட்டம். அவிட்டத்துக்கு 'க' வரும். புனிதவதி ஆசைப்பட்ட கஸ்தூரியை அவர் அநியாயமாகத் தடுத்திருக்கிறார்.

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் படியால் ஏறி ஒன்பதாம் மாடிக்குப் போய், மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னார். புனிதவதி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். நல்லாய் ஏச்சு விழப்போகிறது என்று அவர் தலையைக் குனிந்தார்.

"கோபிகா" என்று அவள் உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். முகமெல்லாம் ஜாம் பூசிய மூன்று வயதுக்காரி ஒருத்தி மேசைக்கு அடியில் இருந்து வெளியே வந்தாள்.

"உவளைப் பாத்தால் கஸ்தூரி மாதிரியோ கிடக்கு, அண்ணை? அண்டைக்கு எனக்குக் கோவம்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. இப்ப ஆரும் மாத்தச் சொன்னாலும் மாட்டன். நீங்கள் முதல்ல போய் உங்கட மனுசியைப் பாருங்கோ."

ஆஸ்பத்திரிக்குப் போகிற ஸ்ட்ரீட்காரில் ஒரு கெட்ட யோசனையும் வந்தது. பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் பொய் சொன்னது போல இருக்குமே என்று அதைக் கைவிட்டார். புஸ்பராணியின் கட்டிலில் உட்கார்ந்து, தன் பிழையை ஒன்றும் மறைக்காமல் சொன்னார்.

அவள் பிள்ளையின் கால்விரல்களைத் தடவினாள். "அப்ப என்ன, 'தி'யில ஒரு பேரைப் பாப்பம்" என்றாள்.

அதுதான் அவரைச் சுட்டது. பன்னிரண்டு வருடம் காத்த பெயரை அவருடைய சட்டத்துக்காக ஒரு நிமிடத்தில் விட்டுக்கொடுக்கிறாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பார்.

"ஒரு பேரும் பாக்கத் தேவையில்லை" என்றார். தாதி வைத்துவிட்டுப் போன பதிவு ஃபோர்மை எடுத்து, நித்திலா என்று எழுதினார். வீட்டுக்குப் போய்க் கொப்பியிலும் எழுதினார். நட்சத்திரம் விசாகம், பெயர் நித்திலா. நாற்பத்தி நான்காவது வரியில் சட்டம் உடைந்தது. அன்றைக்கு அவர் பிள்ளையைப் போல நித்திரை கொண்டார்.

மூன்று கிழமை கழித்து ரெக்ஸ்டேலில் இருந்து லவன் என்ற இளந்தகப்பன் தொலைபேசி எடுத்தான். "அண்ணை, பொம்பிளைப் பிள்ளை. விடிய ஆறு பத்து. என்ன எழுத்து?"

நித்திலா அவர் மார்பில் கிடந்தாள். குலசிங்கம் ஒரு கையால் ஒன்பதரையைக் கூட்டி எழுதினார். பிறகு பேனாவை மூடினார்.

"எழுத்தைச் சொல்லுறன், அவசரப்படாதை. பிள்ளையின்ர தாய் என்ன பேர் நினைச்சு வைச்சிருக்கிறா?"



"தெரியாதண்ணை" என்றான் லவன். "பொறுங்கோ, கேட்டுப்போட்டு எடுக்கிறன்."